புரோ வாங்கலாமா, எஸ்எஸ்டி போதுமா? – கன்சோல் கேள்வி பதில்

கேள்வி: பிளேஸ்டேஷன் 5 முதல் மாடல் வைத்திருக்கிறேன். டிவி 1080பி. இப்போது பிளேஸ்டேஷன் 5 புரோவுக்கு மாறினால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: அந்த டிவியில் பெரிதாகத் தெரியாது. 2024 நவம்பரில் வந்த புரோவில் கூட்டியிருப்பது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பக்கம்தான். படத்தை வரைந்து தரும் கம்ப்யூட் யூனிட்டுகள் 67 சதவீதமும் மெமரி வேகம் 28 சதவீதமும் அதிகம். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தை 4கே டிவிக்கு ஏற்பக் கூர்மையாக்கும் பிஎஸ்எஸ்ஆர் வசதியும் உண்டு. ஆனால் கேம் தயாரித்தவர்கள் அதற்கு அப்டேட் கொடுத்திருக்க வேண்டும். ப்ராசஸர் கிட்டத்தட்ட பழையதே. அதனால் நெரிசலான காட்சிகளில் ப்ராசஸர் திணறி ஃபிரேம் குறைகிற கேம்களில் புரோவாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று: புரோ வெளியானபோது அது விற்பனைக்கு வந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதே காரணம். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியை வாங்குவதாக இருந்தால், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் டிரைவ் அதோடு வராது, தனியாக வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் முதலில் நல்ல 4கே டிவி வாங்குங்கள். உங்கள் பழைய கன்சோலே புதிதாகத் தெரியும்.

கேள்வி: என் பிளேஸ்டேஷன் 5-இன் 825 ஜிபி நிறைந்துவிட்டது. கூடுதல் சேமிப்புக்கான எஸ்எஸ்டியை நானே மாட்டலாமா? என்ன வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக மாட்டலாம். வாரண்டி போகாது, பயனரே திறப்பதற்கென்றே சோனி வைத்திருக்கும் இடம் அது. கேம்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 667 ஜிபி என்பதால் இந்தப் பிரச்சினை எல்லோருக்கும் வருகிறது.

வாங்க வேண்டியது எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி (ஸ்லாட்டில் நேராகச் செருகும் பட்டை வடிவ வகை), பிசிஐஇ ஜென் 4 (நான்காம் தலைமுறை), அளவு 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். பழைய ஜென் 3, சாட்டா வகைகள் விலை குறைவு என்று வாங்கினால் கன்சோல் ஏற்காது. பலர் பணத்தை விடுவது இங்கேதான். அடுத்த சிக்கல் ஹீட்சிங்க், அதாவது எஸ்எஸ்டியின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு. அது கட்டாயம் வேண்டும். ஆனால் மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதிலும் எஸ்எஸ்டி போர்டுக்கு மேலே 8 மில்லிமீட்டர்தான் இடம். கம்ப்யூட்டருக்கென்று விற்கும் தடித்த ஹீட்சிங்குகள் மாட்டினால் மூடி மூடாது. ஹீட்சிங்கைத் தனியாக வாங்கி ஒட்டுகிறவர்கள் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். அது இருந்தால் சூடு ஹீட்சிங்குக்குப் போகாது.

மாட்டும் முன் சிஸ்டம் சாஃப்ட்வேரை அப்டேட் செய்யுங்கள். ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, எல்லா வயரையும் கழற்றி, ஆறவிடுங்கள். ஸ்டாண்டைக் கழற்றி, மெத்தென்ற துணிமேல் படுக்கவையுங்கள். பக்கத் தகட்டின் மூலையைச் சற்றுத் தூக்கி நகர்த்தினால் கையோடு வரும். உள்ளே நீளமான மூடி, ஒரே திருகு. அதற்கு 1-ஆம் நம்பர் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர்தான் சரி. வேறு அளவில் திருகினால் தலை வழித்துவிடும்.

மூடிக்குள் ஒரு திருகும் அதன் அடியில் சிறிய ஸ்பேசர் வளையமும் இருக்கும். வளையத்தை எடுத்து 80 என்று குறித்த குழிக்கு மாற்றுங்கள். இதை விட்டுவிட்டு எஸ்எஸ்டியை நேராக இறுக்கினால் பலகை வளையும், முனை சரியாகப் பொருந்தாது. எஸ்எஸ்டியின் வெட்டை ஸ்லாட்டோடு பொருத்தி, சாய்வாகச் செருகி, கீழே அழுத்தித் திருகுங்கள். உள்மூடியைத் திரும்பப் போடுங்கள். மூடி இல்லாமல் ஓட்டக்கூடாது.

ஆன் செய்ததும் ஃபார்மேட் செய்யச் சொல்லும். எஸ்எஸ்டியில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழியும். முடிந்ததும் படிக்கும் வேகத்தைக் காட்டும். பிறகு ஸ்டோரேஜ் அமைப்பில் கேம்கள் இறங்கும் இடத்தை எம்.2 என்று மாற்றுங்கள். சேவ் கோப்புகள் எப்போதும் கன்சோலுக்குள்ளேயேதான் இருக்கும். யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் மலிவாக இருக்கிறதே என்று கேட்பீர்கள்: அதில் பிளேஸ்டேஷன் 4 கேம் ஆடலாம், பிளேஸ்டேஷன் 5 கேமைச் சேமித்துவைக்க மட்டுமே முடியும்.

கேள்வி: பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று விலைக்கு வருகிறது. நல்ல பேட்டரி உள்ள மாடல் என்கிறார் விற்பவர். எப்படி உறுதி செய்வது?

பதில்: பேட்டரி 2017, 2019 மாடல்கள் இரண்டிலும் ஒன்றுதான், 4,310 எம்ஏஎச். மாறியது சிப். 20 நானோமீட்டரிலிருந்து 16-க்கு இறங்கியதால் மின்சாரம் குறைவாக இழுக்கிறது. நின்டெண்டோ கணக்கில் பழையது இரண்டரை முதல் ஆறரை மணி நேரம், புதியது நாலரை முதல் ஒன்பது மணி நேரம்.

அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம், மாற்றி வைக்கலாம். கன்சோலிலேயே சீரியல் நம்பரைப் பாருங்கள்: எக்ஸ்கேடபிள்யூ என்று தொடங்கினால் 2019 மாடல், எக்ஸ்ஏடபிள்யூ என்றால் பெரும்பாலும் பழையது. சிஸ்டம் செட்டிங்ஸிலும் அதே நம்பர் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வராவிட்டால் உடலோ போர்டோ மாற்றப்பட்டது. ஸ்டிக்குகளைத் தொடாமல் காலிபரேஷன் திரையைத் திறந்து, புள்ளி தானாக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் ஸ்டிக்கில் கோளாறு. வைஃபையில் இணைத்து, நின்டெண்டோவின் இணையக் கடையான இஷாப் திறக்கிறதா என்றும் சோதியுங்கள். நின்டெண்டோ தடை செய்த கன்சோலில் அது திறக்காது.

கேள்வி: ஸ்விட்ச் ஓஎல்இடி வாங்கினால் டிவியில் படம் கூர்மையாகுமா?

பதில்: ஆகாது. சிப் அதேதான், டிவியில் அதிகபட்சம் 1080பி. 7 அங்குலத் திரையும் 64 ஜிபியும் கையில் வைத்து ஆடுகிறவர்களுக்கே லாபம். டிவியோடு இணைக்கும் அதன் டாக்கில் வயர் வழி இணையத்துக்கான லான் போர்ட் இருக்கிறது. அது மட்டும் வேண்டுமென்றால் டாக்கைத் தனியாக வாங்கி 2017 ஸ்விட்சிலும் பயன்படுத்தலாம்.