பாஸ்போர்ட்டில் இருக்கும் 'லெட்'

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்காகப் பாஸ்போர்ட் வாங்கினேன். அதில் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வாசகத்தில் 'விதவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வருகிறது. லெட் என்றால் அனுமதி. அப்படியானால் 'அனுமதியோ தடையோ இல்லாமல்' போகச் சொல்கிறார்களா? இந்தப் பிழையைத் திருத்தும்படி எழுதிப் போட்டேன், பதில் இல்லை. அனுமதிக்கும் தடைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியைத்தான் அறிவுமொழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். தமிழில் இப்படி ஒரு குழப்பத்தைக் காட்ட முடியுமா?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: பிழை எதுவும் இல்லை. எழுதிப் போட்ட கடிதத்தை மறந்துவிடுங்கள். 'தடையோ இடையூறோ இல்லாமல் இவரைத் தாராளமாகப் போகவிடுங்கள்' என்பதுதான் அந்த வாசகம். அதே வரியில் கொஞ்சம் முன்னால் பாருங்கள், அனுமதிக்கச் சொல்வதற்கு 'அலவ்' என்ற சொல் தனியாக இருக்கிறது. பிரிட்டன் பாஸ்போர்ட்டிலும் இதே தொடர் உண்டு. ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களை ஜோடியாகப் போடுவது ஆங்கிலச் சட்ட நடையின் பழக்கம். 'நல் அண்ட் வாய்ட்', 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' எல்லாம் அந்த வகைதான். 'தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்று நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் அடுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு சொல்லில் ஓட்டை இருந்தால் இன்னொன்று அடைக்கட்டும் என்று.

அந்த 'லெட்' உங்களுக்குத் தெரிந்த 'லெட்' இல்லை. அது வேறு சொல்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இவை இரண்டு வினைகள். ஒன்று 'லேட்டன்'. விட்டுவிடு, விட்டுச்செல், அனுமதி என்று அதற்குப் பொருள். ஜெர்மனில் இன்றைக்கும் இருக்கும் 'லாஸன்' இதன் உடன்பிறப்பு. மற்றது 'லெட்டன்'. தாமதப்படுத்து, தடு என்று பொருள். முதல் சொல்லில் உயிர் நெடில், இரண்டாவதில் குறில். குறில் நெடில் பேதத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. கல் வேறு, கால் வேறு. பழைய ஆங்கிலேயர் காதுக்கும் இந்த இரண்டும் அப்படி வேறு வேறாகத்தான் கேட்டன. அப்புறம் வந்த நூற்றாண்டுகளில் ஆங்கில வினைகளின் கடைசி அசைகள் தேய்ந்து உதிர்ந்தன. லேட்டனின் நெடிலும் குறுகியது. இரண்டும் 'லெட்' என்று ஒரே உருவத்தில் வந்து நின்றன. ஆக, அனுமதிக்கும் தடைக்கும் ஒரே சொல் போதும் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. வேறு வேறு இடத்திலிருந்து புறப்பட்ட இரண்டு சொற்களை ஒலித் தேய்வு ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

தடுக்கும் 'லெட்டன்' எதிலிருந்து வந்தது தெரியுமா? மெதுவான, பிந்திய என்று பொருள்படும் ஒரு பெயரடையிலிருந்து. அந்தப் பெயரடைதான் இன்றைய 'லேட்'. 'பஸ் லேட்டு' என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே லேட். ஒருவனைத் தடுப்பது என்பது அவனை லேட்டாக்குவது. 'லாஸ்ட் பஸ்' என்பதில் வரும் லாஸ்டும் இந்தக் குடும்பம்தான், 'மிக லேட்டானது' என்ற உச்சநிலை வடிவம். உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள சொல்லின் நெருங்கிய உறவினர்கள் தென்காசி பஸ் நிலையத்தில் பேச்சில் புழங்குகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் ஒரு திருப்பம் இருக்கிறது. ஜெர்மானிய மொழிகள் கிளை பிரிவதற்கும் முந்தைய காலத்தில், 'தளர், நெகிழ்' என்ற கருத்துள்ள ஒரே வேரிலிருந்துதான் இந்த இரண்டு சொற்களும் கிளம்பின என்பது சொற்பிறப்பியலார் முடிவு. பிடியைத் தளர்த்தினால் விடுவது. உடல் தளர்ந்தால் சோர்வு, மந்தம், தாமதம். சோர்ந்தவன் என்று பொருள்படும் லத்தீன் 'லாஸுஸ்' இதே வேரின் கிளை. ஆக, இவை பங்காளிகள். பாகம் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போய், எதிரெதிர் வேலை பார்த்து, ஆயிரக்கணக்கான வருஷம் கழித்து ஒரே பெயரோடு ஒரே தெருவில் வந்து குடியேறியவை.

குடியேறிய பிறகு என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில்.

1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், முதல் அங்கம் நான்காம் காட்சியில், தந்தையின் ஆவி கூப்பிடுகிறது. ஹாம்லெட் அதன் பின்னால் போகத் துடிக்கிறான். நண்பர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவன் கத்துகிறான்: 'என்னை லெட் பண்ணுகிறவனை ஆவியாக்கிவிடுவேன்!' தடுக்கிறவனைக் கொன்றுவிடுவேன் என்கிறான். இன்றைய மாணவன் இதை 'போகவிடுகிறவனைக் கொல்வேன்' என்று படித்தால் காட்சியே தலைகீழாகிவிடும். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 2:7-இல் 'ஹீ ஹூ நவ் லெட்டத் வில் லெட்' என்று வருகிறது. இப்போது தடுக்கிறவன் இனியும் தடுப்பான் என்று அர்த்தம். தமிழ் பைபிளை எடுத்துப் பாருங்கள், அந்த இடத்தில் 'தடைசெய்கிறவன்' என்று சரியாக இருக்கும். ஆனால் அதே கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தில் 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்பதற்கும் 'லெட் தேர் பி லைட்' தான். ஒரே நூலுக்குள் இரண்டு லெட்டும் வாழ்ந்தன.

ரொம்ப நாள் வாழ முடியவில்லை. 'அவனை லெட் பண்ணினார்கள்' என்றால் போகவிட்டார்களா, மறித்தார்களா? இரண்டு வினைக்கும் செயப்படுபொருள் மனிதன்தான். இரண்டும் வருகிற சூழல், ஒருவர் ஏதோ செய்யப் போகிற சூழல்தான். வாக்கியத்தின் மற்றச் சொற்கள் துணைக்கு வராது. இப்படிச் சிக்கிக்கொள்ளும்போது பேசுகிறவர்கள் ஒன்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். தடுக்கும் 'லெட்' பேச்சிலிருந்து விலகியது. 1881-இல் திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு வந்தபோது அந்த 'லெட்டத்'தை எடுத்துவிட்டு 'ரெஸ்ட்ரெயினத்' என்று மாற்றினார்கள். படிப்பவர்களுக்குப் புரியாமல் போயிருந்தது, அதனால் மாற்றினார்கள். பக்கத்து டச்சு மொழி வேறு வழி கண்டது. அங்கே 'லாட்டன்' என்றால் விடு. தடுப்பதற்கு ஒரு முன்னொட்டைச் சேர்த்து 'பெலெட்டன்' என்றார்கள். இரண்டும் பிழைத்துக்கொண்டன.

இந்த மாதிரி மோதலை முதலில் ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜூல் ஜில்லியெரோன். பிரான்ஸ் முழுவதற்குமான கிளைமொழி வரைபடங்களைத் தொகுத்தவர். அவருக்காக எட்மோன் என்ற உதவியாளர் 1897-இலிருந்து 1901 வரை சைக்கிளில் 639 ஊர்களுக்குப் போய் மக்கள் பேச்சை எழுதிவந்தார். தென்மேற்கு மூலையில் ஒரு வினோதம் தெரிந்தது. அங்கே ஒலி மாற்றத்தால் பூனைக்கும் சேவலுக்கும் உரிய லத்தீன் சொற்கள் இரண்டுமே 'கட்' என்று ஆகியிருக்க வேண்டும். பூனைக்கு அந்தப் பெயர் இருந்தது. சேவலுக்கு இல்லை. சேவலைச் சில ஊர்களில் ஃபெசன்ட் என்ற வேறு பறவையின் பெயரால் கூப்பிட்டார்கள், சில ஊர்களில் கோழிக்குஞ்சுக்கான சொல்லால், இன்னும் சில ஊர்களில் ஊர்ப் பெரிய மனிதரின் பதவிப் பெயரால். காரணம் எளிது. பூனையும் சேவலும் ஒரே முற்றத்தில் திரிபவை. 'கட் செத்துப்போச்சு' என்று பிள்ளை ஓடிவந்து சொன்னால் எது செத்தது என்று தெரிய வேண்டும்.

தடுக்கும் 'லெட்' முழுதாகச் சாகவும் இல்லை. குழப்பமே வர வாய்ப்பில்லாத சில மூலைகளில் உறைந்து கிடக்கிறது. ஒன்று உங்கள் பாஸ்போர்ட். இன்னொன்று விளையாட்டுத் திடல். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்கிறார் நடுவர். அது 'நெட்' என்ற சொல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். ஸ்குவாஷில் இன்னும் தெளிவு. இரண்டு பேரும் ஒரே அறைக்குள் ஆடும் ஆட்டம் அது. எதிராளி குறுக்கே நின்றதால் பந்தை எட்ட முடியவில்லை என்றால் 'லெட் ப்ளீஸ்' என்று கேட்பார்கள். சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா ஆடும் ஆட்டம் ஒன்றைப் பாருங்கள், அந்தச் சொல் காதில் விழாமல் போகாது. 'எனக்குத் தடங்கல் ஏற்பட்டது, மறுபடி ஆட விடுங்கள்' என்பதே அந்தக் கோரிக்கை.

சரி, தமிழுக்கு வருவோம். 'தமிழில் காட்ட முடியுமா' என்று சவால் விடுகிறீர்கள். 'அணை' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்தாள், குழந்தையை அணைத்தாள். ஒன்றில் இல்லாமல் ஆக்குகிறாள், மற்றதில் நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறாள். எழுத்து, ஒலி, இறந்தகால வடிவம் எதிலும் வேற்றுமை இல்லை. ஆனாலும் ஒரு தமிழ்க் குழந்தைக்குக்கூட இதில் தடுமாற்றம் வந்ததில்லை. விளக்கு வருகிற இடத்தில் குழந்தை வராது, அவ்வளவுதான். 'லெட்' மோதியதும் 'அணை' மோதாததும் இதனால்தான். ஆங்கிலத்துக்கு அறிவு குறைவு, தமிழுக்கு அதிகம் என்பதெல்லாம் இங்கே காரணமே இல்லை. தமிழை நேசிக்கும் உங்கள் மனசை நான் மதிக்கிறேன். அதற்காக, தமிழுக்கு இல்லாத ஒரு தூய்மையை அதன் தலையில் கட்டாதீர்கள். மனிதர் பேசும் எந்த மொழியிலும் ஒலி தேயும், சொற்கள் ஒன்றாகும், பிரியும்.

நீங்கள் ஒப்பிட விரும்பினால் இதைவிட நல்ல ஒப்பீடு இருக்கிறது. பழைய 'லேட்டன்' என்னவெல்லாம் ஆயிற்று என்று பாருங்கள். விட்டுச்செல்வது, போகவிடுவது, தண்ணீர் வெளியேறும் 'அவுட்லெட்', அப்புறம் வீட்டு வாசலில் தொங்கும் 'டூ லெட்' பலகை. இப்போது நம் 'விடு'. ஊரை விட்டுப் போனான், உள்ளே விட்டார்கள், தண்ணீர் விட்டான், வீட்டை வாடகைக்கு விட்டான், நிலத்தைக் குத்தகைக்கு விட்டான். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், யாரும் யாரையும் பார்த்து எழுதாமல், கைப்பிடியை நெகிழ்த்துவதில் தொடங்கி வாடகை ஒப்பந்தம் வரை ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. தமிழ் அதற்கும் அப்பால் போயிற்று. அறம், பொருள், இன்பம், வீடு என்று நாலாவதாக எண்ணுகிறோமே, பற்றை விட்டு அடையும் அந்த 'வீடு' இதே விடுவிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தின் லெட் அந்தப் பக்கம் போகவே இல்லை. பெருமைப்பட வேண்டுமானால் இதற்குப் படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

வீட்டில் பெரிய ஆங்கில அகராதி இருந்தால் 'லெட்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். சொல்லின் தோளில் 1, 2 என்று சின்ன எண்களைப் போட்டு இரண்டு தனித் தலைச்சொற்களாகக் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் 'இவை வேறு வேறு சொற்கள்' என்பது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறவர்கள் முதலில் காட்ட வேண்டியது அந்தச் சின்ன எண்ணைத்தான். ஊருக்குப் போகும்போது பாஸ்போர்ட்டைத் தைரியமாக எடுத்துப் போங்கள்.