24 வோல்ட் திரை மோட்டாருக்கு எத்தனை ரிலே?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் புது வீடு கட்டியிருக்கிறோம். ஹாலில் இரண்டு திரைச்சீலை மோட்டார், மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஷட்டர். மூன்றுமே 24 வோல்ட் டி.சி., இரண்டே வயர். மொபைலில் இயக்க நான்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். மோட்டாருக்கு ஒரு ரிலே போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சரிதானா?

பதில்: போதாது. பிளஸ் எந்த வயரில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் இந்த மோட்டார் சுற்றும் திசை மாறும். ஒரே ரிலேயை வைத்து ஓட்டலாம், நிறுத்தலாம். திருப்பி ஓட்ட முடியாது. திறக்க, மூட, நடுவில் நிறுத்த மோட்டாருக்கு இரண்டு ரிலே வேண்டும்.

அதற்காக இன்னொரு பாக்ஸ் வாங்க வேண்டாம். ஹால் திரைகள் இரண்டும் ஒன்றாகவே நகர்ந்தால் போதுமென்றால், ஒரு ஜோடி ரிலேயில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மோட்டாரிலும் கடைசியில் தானாக நிற்கும் லிமிட் சுவிட்ச் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற ஜோடி ஷட்டருக்கு.

முதலில் பாக்ஸைப் பாருங்கள். லைட், ஃபேனுக்கென்று விற்கும் பல பாக்ஸ்களில் 230 வோல்ட் லைன் உள்ளேயே ரிலேயில் இணைந்திருக்கும். அதில் மாட்டினால் மோட்டார் கருகும். அதைவிட மோசம், 24 வோல்ட்தானே என்று வீட்டில் யாரும் பயமின்றித் தொடும் வயரில் 230 வோல்ட் நிற்கும். காமன் (பொது முனை), என்.ஓ. (ரிலே ஆன் ஆனால் காமனோடு சேரும் முனை), என்.சி. (ரிலே ஆஃபில் காமனோடு சேர்ந்திருக்கும் முனை) மூன்றும் தனித்தனியாக வெளியே வருகிற டிரை கான்டாக்ட் ரிலேதான், அதாவது உள்ளே எந்த லைனும் இணையாத ரிலேதான் வேண்டும். அதன் முதுகில் 250 வி ஏ.சி. என்பதை மட்டும் பார்க்காமல், டி.சி.க்கு எத்தனை ஆம்பியர் என்றும் பாருங்கள். டி.சி.யில் பொறி சீக்கிரம் அணையாது, கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும்.

இணைப்பு இதுதான்: மோட்டாரின் ஒரு வயர் முதல் ரிலேயின் காமனுக்கு, மற்றது இரண்டாவதன் காமனுக்கு. இரண்டு என்.சி.யும் மைனஸில், இரண்டு என்.ஓ.வும் பிளஸில். முதல் ரிலே மட்டும் ஆன் ஆனால் திறக்கும், இரண்டாவது மட்டும் ஆனால் மூடும். இரண்டும் ஆஃப் என்றால் மோட்டாரின் இரு முனையும் ஒன்றாகி, பிரேக் போட்டதுபோல் நிற்கும். ஆப் குழம்பி இரண்டையும் சேர்த்து ஆன் செய்தாலும் இரு முனையிலும் பிளஸ்தான், ஷார்ட் ஆகாது. இந்த முறையை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்: பாதுகாப்பு வயரிங்கிலேயே இருக்க வேண்டும், மென்பொருளை நம்பி விடக்கூடாது.

ஓடும் மோட்டாரைச் சட்டென்று எதிர்த்திசைக்கு மாற்றினால் கரண்ட் எகிறும். நடுவில் ஒரு நொடி இடைவெளி வையுங்கள். முழுதாகத் திறக்க ஆகும் நேரத்தோடு சில நொடி சேர்த்து, ரிலே தானாக ஆஃப் ஆகும்படியும் செய்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் எல்லா ரிலேயும் ஆஃபில் தொடங்கட்டும்.

பொறியை அடக்க மோட்டாருக்குக் குறுக்கே சாதாரண டையோடு போடச் சொல்வார்கள். வேண்டாம், திசை மாறியதும் அது ஷார்ட் ஆகிவிடும். இருதிசை டி.வி.எஸ். டையோடு (எந்தத் திசையிலும் வோல்ட் அளவு மீறினால் மட்டும் கடத்துவது) போடுங்கள், 24 வோல்ட்டுக்கு 1.5கேஇ36சிஏ பொருந்தும்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 15 மீட்டர் தூரத்துக்கு, போக வரச் சேர்த்து ஏறக்குறைய அரை ஓம். 2 ஆம்பியருக்கு 1 வோல்ட் குறையும். 24க்கு அது பரவாயில்லை. அதே சக்தியுள்ள 12 வோல்ட் மோட்டாராக இருந்தால் 4 ஆம்பியர் இழுத்து 2 வோல்ட்டுக்கு மேல் விட்டிருப்பீர்கள். 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் பிளஸ் பக்கம் தனி பியூஸ் வேண்டும். ஹால் திரைகளுக்கு, ரிலேயைத் தாண்டி மோட்டார் வயரிலேயே ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷட்டரை அழுத்தும்போது மோட்டார் திணறிக் கரண்ட் ஏறும். பியூஸ் போகிறதே என்று பெரிதாக மாற்றிவிடாதீர்கள். ஷட்டரின் ஓடுபாதையைச் சரிபாருங்கள். துலாமழை (ஐப்பசி மழை) இடிக்கு, வீட்டின் எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பாக்ஸில் சர்ஜ் புரொடெக்டரும் (திடீரென எகிறும் வோல்ட்டைத் தடுப்பது) நல்ல எர்த்தும் அவசியம்.

மோட்டாரை மாட்டும் முன் அந்த இடத்தில் லாரி இண்டிகேட்டர் பல்பு ஒன்றை, 24 வோல்ட் 21 வாட், மாட்டிப் பாருங்கள். எந்த ஒரு ரிலே ஆன் ஆனாலும் எரிய வேண்டும்; இரண்டும் ஆன், இரண்டும் ஆஃப் என்றால் எரியக்கூடாது. இரண்டும் ஆஃபில் இருக்கும்போதே எரிந்தால் ஏதோ ஒரு ரிலேயில் என்.ஓ.வும் என்.சி.யும் இடம் மாறியிருக்கிறது.