கேள்வி – பதில்: மாநாட்டு மேடைக்குப் போகும் கட்டட வரைபடம்

கேள்வி: வட்டார அளவிலான கட்டடக்கலைஞர்கள் மாநாட்டில் பேச எனக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆபீசில் இருக்கும் வொர்க்கிங் டிராயிங்கையே (கட்டுமானத்துக்கான விரிவான வரைபடம்) பிடிஎஃப் ஆக்கி ஸ்லைடில் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு போட்டாலே காரணம் புரிந்துவிடும். ஏ1 தாளின் குறுகிய பக்கம் 594 மி.மீ. அதை 1080 பிக்சல் உயரமுள்ள திரையில் முழுதாக அடக்கினால் ஒரு பிக்சலுக்கு 0.55 மி.மீ. வருகிறது. 0.13 மி.மீ. கனத்தில் போட்ட ஹேட்ச் கோடு (சுவர் போன்றவற்றை நிரப்பும் நெருக்கமான கோடு) கால் பிக்சல்கூடத் தேறாது. திரையில் வெளிறிய சாம்பல் பூச்சாகத்தான் தெரியும். 2.5 மி.மீ. உயர எழுத்துக்கு நாலரை பிக்சல்தான் கிடைக்கும். முன்வரிசையில் இருப்பவரே படிக்க முடியாது.

ஆகவே மேடைக்கென்று ஒரு பிரதி எடுங்கள். அளவுக்கோடு, கிரிட் குமிழ் (தூண் வரிசையின் பெயர் எழுதிய வட்டம்), கதவு–ஜன்னல் எண், ஃபர்னிச்சர் லேயர்களையெல்லாம் அணைத்துவிடுங்கள். படத்தில் வெட்டுப்படும் சுவரையும் ஸ்லாபையும் (கான்கிரீட் தளம்) ஹேட்ச் இல்லாமல் முழுக் கருப்பாக நிரப்புங்கள். 1080 பிக்சல் உயரத் திரைக்கு வெளிக்கோட்டுக்கு 5 பிக்சல், அப்பால் தெரியும் விளிம்புகளுக்கு 2 பிக்சல் கனம் போதும். எழுத்து 36 பிக்சலுக்குக் குறையக் கூடாது. அதாவது திரை உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு. '1:100' என்று எழுதிவைப்பதில் பொருளே இல்லை. திரைக்குத் திரை அது மாறும். அளவுகோல் பட்டையும் வடதிசைக் குறியும் போடுங்கள்.

இன்னொரு சிக்கல், பேச்சின் நடுவில் திரை உறைந்து நிற்பது. கேட் (CAD, கணினி வரைவு) கோப்பிலிருந்து நேரே வந்த பிடிஎஃப்-இல் ஹேட்ச் மட்டுமே பல ஆயிரம் துண்டுக் கோடுகளாக இருக்கும். அரங்கத்துக் கணினி அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து முடிப்பதற்குள் உங்கள் நேரம் போய்விடும். வரைபடத்தை 3840 × 2160 பிக்சல் பிஎன்ஜி படமாக மாற்றி ஒட்டிவிடுங்கள். ஜேபெக் புகைப்படத்துக்குச் சரி. கோட்டு வரைபடத்தில் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரிக் காட்டும். தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தினால் அதையும் கோப்புக்குள் பொதிந்தே கொடுங்கள். இல்லையென்றால் தலைப்பு முழுக்கக் கட்டம் கட்டமாக வரும்.

கேள்வி: கடைசி வரிசைக்கும் தெரியுமா என்று முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

திரையின் உயரத்தை அமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். நுணுக்கமான டீடெயில் (ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் வரைபடம்) படிக்கவேண்டுமென்றால் பார்ப்பவர் திரை உயரத்தைப்போல் 4 மடங்கு தூரத்துக்குள் இருக்கவேண்டும். சாதாரண ஸ்லைடுக்கு 6 மடங்கு; வெறும் படம், வீடியோவுக்கு 8 மடங்கு. 2 மீட்டர் உயரத் திரை என்றால் ஜன்னல் டீடெயில் 8 மீட்டர் வரைதான் எடுபடும். கடைசி வரிசை 16 மீட்டரில் இருந்தால் டீடெயிலைச் சிறு சிறு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் திரை நிறையக் காட்டுவது ஒன்றே வழி.

கேள்வி: மாநாட்டில் பேச வாய்ப்புக் கேட்டு நான் அனுப்பும் சுருக்கவுரைகள் (பேசப்போவதன் சுருக்கம்) திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகின்றன. கட்டடம் நல்ல கட்டடம்தான்.

கட்டடம் நன்றாக இருப்பது தேர்வுக் குழுவுக்குப் போதாது. 'இயற்கையோடு இயைந்த வடிவமைப்பு' மாதிரியான வரிகள் குவியலாக வந்து சேரும். அவை விளம்பர மடலுக்குப் பொருந்தும், சுருக்கவுரைக்குப் பொருந்தாது. முதல் வரியிலேயே நெருக்கடியைச் சொல்லுங்கள்: மேற்கு பார்த்த மனை, கடினமான பாறை, குறுகிய பாதை. அடுத்து நீங்கள் எடுத்த முடிவு, கைவிட்ட மாற்று வழி, அளந்து பார்த்த பலன். 'உள்ளே குளுமையாக இருக்கிறது' என்று எழுதாமல், எந்த மாதத்தில், வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று கொடுங்கள். வெப்பமானி எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள்: வெயில் படாத இடம், தரையிலிருந்து 1.1 மீட்டர், அதாவது உட்கார்ந்திருப்பவரின் தலை உயரம். சரியாக வராத ஒன்றை ஒரு வரியில் சொன்னால் மற்ற எண்களையும் நம்புவார்கள்.

கேள்வி: வரைபடங்களைக் காட்ட யாரிடம் அனுமதி பெறவேண்டும்?

கட்டடத்தின் சொந்தக்காரரிடம் எழுத்தில் பெறுங்கள். புகைப்படத்துக்குத் தனி அனுமதி வேண்டும். உங்கள் இணையதளத்தில் போட ஒப்புக்கொண்ட புகைப்படக்காரர் மாநாட்டு மலரில் அச்சிடவும் ஒப்புக்கொண்டார் என்று ஆகாது. வங்கி, சிறை, ஆய்வகம் போன்றவற்றில் நுழைவழியும் காவல் அறையும் தெரியும் பிளானைக் காட்டவே கூடாது.

கேள்வி: நாங்கள் அமைப்பாளர்கள். காட்சிக்கு வரும் பேனல்கள் (வரைபடமும் புகைப்படமும் கொண்ட பலகைகள்) ஆளுக்கொரு மாதிரியாக இருக்கின்றன. என்ன விதி வைக்கலாம்?

தாள் அளவை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், வரைபட அளவுகோலையும் (1:100 போன்ற விகிதம்) கட்டாயமாக்குங்கள். 1933இல் மார்செய் – ஏதென்ஸ் கப்பலான பாட்ரிஸ் 2-இலும் ஏதென்ஸிலுமாக நடந்த சியாம் (CIAM, நவீனக் கட்டடக்கலைக்கான சர்வதேச மாநாடுகள்) அமைப்பின் நான்காம் மாநாட்டில் 33 நகரங்களை ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், நிலப் பயன்பாட்டு வரைபடங்களை எல்லாக் குழுவும் 1:10,000இலும் ஒரே குறியீட்டு முறையிலும் தயாரித்ததுதான். உங்களுக்கு சைட் பிளான் (மனை முழுவதன் வரைபடம்) 1:500, செக்‌ஷன் (கட்டடத்தை வெட்டிக் காட்டும் படம்) 1:100 என்றால் போதும்.

புகைப்படம் அச்சு அளவில் அங்குலத்துக்கு 150 புள்ளி இருக்கட்டும் (ஏ1 முழுத் தாளுக்கு 3508 × 4967 பிக்சல்). எழுத்தும் கோடும் வெக்டராகவே (பெரிதாக்கினாலும் மங்காத வடிவம்) இருக்கவேண்டும். தலைப்பு தவிர்த்த எழுத்து 24 பாயின்ட், கருப்பு மை மட்டும். வண்ண அச்சின் நான்கு மையும் (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) கலந்த கருப்பில் சின்ன எழுத்து அச்சாகும்போது மை கொஞ்சம் விலகினாலும் விளிம்பு மங்கிவிடும். முழுக் கருப்புப் பின்னணியைத் தடைசெய்தால் புண்ணியம்: விளக்கு பளிச்சென்று எதிரொளிக்கும், ஒவ்வொரு கைரேகையும் தெரியும். ஃபோம் போர்டு 5 மி.மீ. இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் ஈரக்காற்றில் வில்லாக வளையும். பின்பக்கமும் வெறுந்தாள் ஒட்டச் சொல்லுங்கள். பேனலின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.5 மீட்டரில் வரும்படி மாட்டுங்கள்.

கேள்வி: கட்டடங்களைப் பார்க்க அழைத்துச் செல்வதை எந்த நாளில் வைப்பது நல்லது?

முதல் நாளில். கடைசி நாளில் வைத்தால் பாதிப் பேர் பெட்டியோடு கிளம்பியிருப்பார்கள். முதலில் பார்த்துவிட்டு வந்தவர்கள் அடுத்த நாள் உரைகளில் உருப்படியான கேள்வி கேட்பார்கள். ஒரு வழிகாட்டிக்கு 20 பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவருக்குக் காதில் விழாது. வேலை நடக்கும் சைட் என்றால் ஹெல்மெட்டும் மூடிய காலணியும் கட்டாயம் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிடுங்கள். பேருந்தில் ஏற, இறங்க, தலை எண்ண ஒவ்வொரு நிறுத்தத்திலும் 15 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். அட்டவணை சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.