துபாய் உணவுக் கண்காட்சிக்கு மனைவியையும் அழைத்துப் போனால், அவர் செலவை வியாபாரக் கணக்கில் எழுதலாமா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியைச் சொந்தப் பெயரில் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

உங்கள் டிக்கெட்டை எழுதலாம். மனைவியுடையதை எழுத, அங்கே அவர் செய்த வியாபார வேலைக்குக் காகிதம் வேண்டும். 'துணைக்கு வந்தார்', 'பார்ட்டி வீட்டம்மாவும் வந்தாங்க, மரியாதைக்கு' இதெல்லாம் வருமான வரிச் சட்டம் 37(1) பிரிவில் நிற்காது. முழுக்க வியாபாரத்துக்கே ஆன செலவா என்றுதான் அது கேட்கிறது.

காகிதம் என்றால், அவர் பெயரில் கண்காட்சி பேட்ஜ், பயணத்துக்கு முன்பே வாங்குபவர்களோடு அவர் நடத்திய மெயில், யாரிடம் தோத்தாபுரிக் கூழுக்கு என்ன விலை பேசினார் என்ற குறிப்பு. நோட்டீஸ் வந்தபிறகு அடித்த லெட்டர் எடுபடாது. பார்ட்னர்ஷிப்பாக இருந்து, பத்திரத்தில் அவர் பெயர் இருந்தாலும் அது மட்டும் போதாது.

ஓட்டல் வாடகையைப் பாதியாக வெட்ட வேண்டியதில்லை என்பேன் (ஆபீசர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்). ஒருவருக்கும் அதே வாடகை என்றால் அது உங்கள் செலவு. கூடுதல் ஆளுக்கு ஏற்றிய தொகைதான் அவருடையது. புக்கிங் அன்றே ஒருவர் வாடகையையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். பெங்களூர் ஏர்போர்ட் டாக்ஸிக்கும் இதே கணக்கு. டூர் பேக்கேஜ் மட்டும் வாங்காதீர்கள். மொத்தமாக ஒரே தொகை போட்டால் பிரிக்கவே முடியாது.

வேலையில்லாமல் வந்தவர் பங்கை டிராயிங்ஸில் (சொந்தத்துக்கு எடுத்த பணம்) போடுங்கள். டிராவலிங்கில் போட்டால், ஆடிட் உள்ளவர்களுக்கு 3சிடி என்ற வரி ஆடிட் படிவத்தின் 21-ஆம் பத்தியில் சொந்தச் செலவென்று ஆடிட்டர் எழுதியாக வேண்டும். 'ஊரே அப்படித்தான் எழுதுது' என்பீர்கள். எழுதுகிறார்கள்தான். ஸ்க்ரூட்டினியில் (வரித்துறை கணக்கைத் தோண்டிப் பார்ப்பது) மாட்டி, ஆதாரமில்லாத செலவு என்று 270ஏ பிரிவில் போனால், அந்தச் செலவால் குறைந்த வரியைப்போல் 200 சதவீதம் அபராதம். (எண்களெல்லாம் 1961 சட்டத்தவை, 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டத்தில் வேறு எண்கள்.)

44ஏடி பிரிவில், செலவுக் கணக்கு காட்டாமல் விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டுபவருக்கு இந்தக் கேள்வியே இல்லை, எந்தச் செலவையும் தனியாகக் கழிக்க முடியாது. ஓசூரில் சம்பளக்காரர் என்றால், அலுவல் பயணத்தில் மனைவிக்காகக் கம்பெனி கொடுத்தது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மும்பைக்கு வியாபாரத்துக்கென்றே தனியாகப் போய்த் தங்கினாலும், ஓட்டல் பில்லில் வரும் ஜிஎஸ்டி மகாராஷ்டிராவுடையது. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவை வைத்து அதற்குக் கிரெடிட் எடுக்க (கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள) முடியாது. ஒரே நாடு ஒரே வரியாம்.