பூங்காவில் படம் வரைபவரிடம் அம்மாவை வரையச் சொல்வது எப்படி?

சென்னை லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் படம் வரைபவர் ஒருவரைப் பார்த்தீர்கள், அம்மாவை வரையச் சொல்ல ஆசை, எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மடியில் நோட்டு வைத்திருப்பவர் எல்லாம் காசுக்கு வரைபவர் இல்லை. எழும்பூர் கவின்கலைக் கல்லூரி மாணவர் யாராவது கைப்பழக்கத்துக்கு வரைந்துகொண்டிருக்கலாம். முதுகுக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள். பென்சிலைக் கீழே வைக்கும்வரை பொறுத்து, "அண்ணே, ஆளைப் பார்த்து வரைஞ்சு தருவீங்களா?" என்று கேளுங்கள். ஏ4 தாளா ஏ3 தாளா, பென்சிலா கரியா, எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எல்லாம் முதலிலேயே. முடித்தபின் பேரம் பேசுவது அசிங்கம்.

மரத்தடி குளுகுளுவென்று இருக்கிறதே என்று அம்மாவை அங்கே உட்கார வைக்காதீர்கள். இலை வழியே விழும் வெயில் முகத்தில் பொட்டுப் பொட்டாக ஆடும். மூக்கு நிழல் எது, இலை நிழல் எது என்றே தெரியாது. ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் வரும் இடம், ஐந்தாறு அடி தூரம், இருவர் கண்ணும் ஒரே மட்டம். மூக்குக்கண்ணாடி பளபளத்தால் முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். சிரிக்கச் சொல்லவே கூடாது. இரண்டு நிமிடத்தில் உதடு சோர்ந்து, படத்தில் பல்வலிக்காரர் மாதிரி இருப்பார். அரை மணி நேரம் முட்டி தாங்காது என்றால் நடுவில் எழலாம். திரும்பி வந்து அதே மாதிரி உட்கார, கால் வைத்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு எழட்டும்.

'போன் படம் கொடுத்தால் போதாதா' என்பவர்களுக்கு: கையெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருக்கும், காது சிறுக்கும். அதைப் பார்த்து வரைந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

 

கரிப் படம் என்றால் விரலே படக்கூடாது. கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸேட்டிவை ஓரடி தள்ளிப் பிடித்து மெல்லிசாக இரண்டு முறை அடிக்க வேண்டும். கிட்டே பிடித்தால் ஈரம் கோத்துக் கறையாகும். மேலே பட்டர் பேப்பர், இரண்டு பக்கமும் அட்டை. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அழுத்தத்தில் கரி இழுகிவிடும். ஃபிரேமில் கண்ணாடி தாளைத் தொடாதபடி, நடுவில் மவுண்ட் என்கிற அட்டைச் சட்டம் போடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்ச் சுவர் ஓதம் காக்கும், தாளில் பூஞ்சை பிடிக்கும். ஃபிரேமின் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவரில் படாமல் மாட்டுங்கள்.