கையைக் காட்டு

அன்புள்ள ஐயா,

குளியல் தொட்டியில் கலக்கும் பால் பொடியை வீட்டிலேயே செய்துபார்க்கிறேன். குழந்தை பிறந்து ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லாத என் அக்காவுக்குப் பரிசாகக் கொடுக்க. முழுக்கொழுப்பு பால் பவுடர், சமையல் சோடா, சிட்ரிக் ஆசிட், கொஞ்சம் சோள மாவு, இரண்டு ஸ்பூன் தேன், இரண்டு நாள் நிழலில் காயவைத்த ரோஜா இதழ்கள். மூன்று தடவை செய்தும் நுரை நிற்கவில்லை. பொடி கட்டி தட்டியது, அதை மிக்ஸியில் அடித்துச் சரிசெய்துவிட்டேன். கெமிக்கல் இல்லாமல் நுரை வர என்ன வழி? கிளியோபாட்ரா பாலில் குளித்தது உண்மைதானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கிளியோபாட்ராவை விடுங்கள். ரோமச் சக்கரவர்த்தி நீரோவின் மனைவி பொப்பேயா, குட்டி போட்ட 500 கழுதைகளைப் போகுமிடமெல்லாம் ஓட்டிக்கொண்டு போனாள் என்று அந்தக் காலத்து ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். கறந்த பாலை அன்றே தொட்டியில் ஊற்றிக்கொண்டவள் அவள். டப்பாவில் அடைத்துவைக்கும் தொல்லை அவளுக்கு இல்லை.

சிட்ரிக் ஆசிடையும் சோடாவையும் கொட்டிவிட்டு 'கெமிக்கல் இல்லாமல்' என்று கேட்கிறீர்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

நுரைக்கு வருகிறேன். ஆசிடும் சோடாவும் தண்ணீரில் சேர்ந்தால் கரியமில வாயு பொங்கும். மேலே வந்த குமிழி உடனே உடைந்துபோகும். அது நிற்க வேண்டுமானால் சுற்றிலும் ஒரு படலம் வேண்டும். பாலில் இருக்கும் புரதம் கொஞ்சம் அந்த வேலையைச் செய்யும், ஆனால் கூடவே இருக்கும் கொழுப்பு அதைக் கெடுத்துவிடும். ஆகவே கொழுப்பு நீக்கிய பவுடர். அதோடு சோடியம் லாரில் சல்போ அசிடேட் என்ற நுரைப்பொடி, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கில் ஆரம்பியுங்கள். சோடியம் லாரில் சல்பேட் வேறு சரக்கு, தோலுக்கு அதைவிடக் கடுமையானது. பெயரைக் கடைசி எழுத்துவரை படித்து வாங்குங்கள். கலக்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசு மூக்கில் ஏறினால் அன்றைய பொழுது தும்மலிலேயே போய்விடும். குழாய்த் தண்ணீர் விழுகிற இடத்தில் பொடியைக் கொட்டினால் நுரை எழும். குழந்தையை இதில் குளிப்பாட்ட வேண்டாம். சரி, நுரை முடிந்தது.

நான் இந்தக் கடிதத்தை எடுத்ததே வேறு ஒரு வரிக்காக. 'கட்டி தட்டியது, மிக்ஸியில் அடித்துச் சரிசெய்துவிட்டேன்.' என்னத்தைச் சரிசெய்தீர்கள்? காய்ச்சலில் கிடப்பவனுக்குத் தலை வாரிவிட்டு, ஆள் தேறிவிட்டான் என்று சொல்வீர்களா?

இருபது வயதில், குளியல் பொடிகள் கலந்து அடைக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். எடை போடும் மேசையில் இருந்தவரை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். மேசைக்கு யார் வந்தாலும் "தம்பி, கையைக் காட்டு" என்பார். உள்ளங்கையைத் தன் புறங்கையால் ஒற்றிப் பார்ப்பார். ஈரமென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் இல்லாத ஒரு மத்தியானம், கழுவிய கரண்டியைச் சரியாகத் துடைக்காமல் டிரம்மில் விட்டேன். இரண்டு நாளில் அதில் கட்டிகள். பயந்துபோய் உடைத்து, சலித்து, மூடிவைத்தேன். பார்க்கப் பட்டுப்போல இருந்தது, இப்போது உங்கள் பொடி இருப்பதைப் போல. அடுத்த வாரம் பெரியம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டார். ஒரு குமிழிகூட இல்லை, பேசாமல் அடியில் போய் உட்கார்ந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து ஒற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஏன் அப்படி ஆனது என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பால் பவுடரில் இருக்கும் பால் சர்க்கரை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகும், துகளோடு துகள் ஒட்டும். அதுதான் கட்டி. ஆசிடும் சோடாவும் பக்கத்தில் இருந்தால் கதை இன்னும் மோசம். அவை வினைபுரியத் துளி ஈரம் போதும், வினையின் முடிவில் புதிதாகத் தண்ணீரும் உண்டாகும். 192 கிராம் சிட்ரிக் ஆசிடும் 252 கிராம் சோடாவும் முழுதாக வினைபுரிந்தால் 54 கிராம் தண்ணீர்! நீங்கள் விட்டது ஒரு துளிதான், மிச்சத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். தொட்டியில் பொங்க வேண்டியது அலமாரியிலேயே பொங்கி முடிந்திருக்கும். காற்றுப்புகாத டப்பாவென்றால் மூடி உப்பும்.

உங்களுக்கு அந்தத் துளி எங்கிருந்து வந்தது? தேன். அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அப்புறம் ரோஜா இதழ். இரண்டு நாள் நிழலில் கிடந்த இதழ் வாடியிருக்கும், காய்ந்திருக்காது. விரலால் கசக்கினால் மடங்காமல் நொறுங்க வேண்டும். எல்லோரும் எதைச் சேர்க்கலாம் என்றே கேட்கிறீர்கள், எதை உள்ளே விடக்கூடாது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு வரும் கடிதங்களில் இதுதான் ஆத்திரமூட்டுவது.

மூன்றாவது தடவை செய்ததைக் கொட்டிவிடுங்கள். மனசு வராது, தெரியும். தேன் வேண்டாம், இதழ் வேண்டாம். நுரைப்பொடி வந்தபின் சிட்ரிக் ஆசிடுக்கு அங்கே வேலையில்லை, அதையும் விடுங்கள், சோடாவைப் பாதியாக்குங்கள். வாசனை எண்ணெய் சேர்ப்பதானால் சில சொட்டு மட்டும், முதலில் நுரைப்பொடியில் தேய்த்துப் பிறகு கலக்குங்கள். கிண்ணம், கரண்டி, சல்லடை எல்லாம் முந்தின நாளே கழுவிக் காய்ந்திருக்கட்டும்.

அழகான கண்ணாடி ஜாடி வாங்கிவைத்திருப்பீர்கள். வேண்டாம். குளியலறையில் காயாத கையைத்தான் அதற்குள் விடுவார் உங்கள் அக்கா, யாராக இருந்தாலும் அப்படித்தான். ஒரு குளியலுக்கு ஒரு பொட்டலம் என்று தனித்தனியாக ஒட்டிக் கொடுங்கள். ஒட்டிய ஓரத்துக்கு வெளியே சின்னதாக ஒரு வெட்டும் போட்டுவையுங்கள். அவருடைய ஒரு கையில் குழந்தை இருக்கும், இன்னொரு கையாலும் பல்லாலும்தான் கிழிக்க வேண்டும்.