எவ்வளவு நேரம் கூட இருக்கப் பிடிக்கும்?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள் நான். தாதியர் பயிற்சியின் மூன்றாம் வருடத்தில் இருக்கிறேன். உடன் படிப்பவர்கள் சத்திரசிகிச்சைக் கூடம், அதிதீவிர சிகிச்சைப் பிரிவு என்று இப்போதே முடிவெடுத்துவிட்டார்கள். வெளிநாடு போக அதுதான் வழி என்கிறார் அப்பா. எனக்கோ மருத்துவ வார்டில் வயதானவர்களோடு இருப்பதுதான் பிடிக்கிறது. "கதைத்துக்கொண்டு நிற்காதே" என்று ஏச்சும் வாங்குகிறேன். இது பலவீனமா? எனக்கு ஏற்ற துறை எது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஏச்சு வாங்கியது கதைத்ததற்கா, கதைத்த நேரத்துக்கா? மருந்து கொடுக்கும் வேளையில் கதைத்திருந்தால் அது நியாயமான ஏச்சு; திருத்திக்கொள்ளுங்கள். கதைக்கப் பிடிப்பதை மட்டும் திருத்திவிடாதீர்கள்.

துறை தேடுகிறவர்கள் பெரும்பாலும் நோயைப் பார்க்கிறார்கள்: இதயமா, சிறுநீரகமா, குழந்தைகளா என்று. நான் வேறொன்றைக் கேட்பேன். ஒரு நோயாளியோடு எவ்வளவு காலம் இருக்க உங்களுக்குப் பிடிக்கிறது?

குளவி கொட்டி, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் ஒருவரைத் தோட்டத்து லொறியில் கொண்டுவருகிறார்கள். தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின், ஒட்சிசன், சேலைன். ஆள் தெளிந்ததும் வார்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். பெயர்கூட நினைவில் நிற்காது. அவசர சிகிச்சைப் பிரிவை விரும்புகிறவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் போதும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு அப்படியல்ல. அதே முகம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணித்தியாலம், வருடக்கணக்கில் வரும். மகளின் கலியாணம், லயத்துச் சண்டை எல்லாம் உங்கள் காதுக்கு வந்துவிடும். போன தடவைக்குப் பிறகு நிறை ஏன் கூடியது, ஒளித்து எத்தனை கோப்பை தேத்தண்ணீர் குடித்தார் என்ற உண்மையும் அந்தக் கதையோடுதான் வரும்.

மலையகத்தில் இன்னொன்றும் உண்டு. தமிழ் தெரிந்த தாதியைப் பக்கத்து வார்டிலிருந்தும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள், நீங்களும் போயிருப்பீர்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து ஏறிய பிறகு நோயாளிக்கு உங்கள் தமிழால் பயனில்லை. மனநலப் பிரிவில் அது இல்லாமல் எதுவும் நடக்காது. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்பதை ஓர் அம்மா அரைகுறைச் சிங்களத்தில் எப்படிச் சொல்லுவார்? கர்ப்பிணிகளின் கிளினிக்கும் அப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு, அதைத் தகரக் கூரையில் சொருகி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் உண்டு. ஏசாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தேநீரோடு விழுங்கினால் அந்த மாத்திரையின் சத்து உடலில் சேர்வது குறையும் என்பதைத் தேயிலைத் தோட்டத்தில் நின்று சொல்லிப் புரியவைக்கத் தனிச் சாமர்த்தியமும் வேண்டும்!

ஆகவே உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்வது: முதலில் மனநலம், அடுத்தது இரத்தச் சுத்திகரிப்பு அல்லது நீரிழிவுக் கிளினிக். சத்திரசிகிச்சைக் கூடம் கடைசியில்தான். அங்கே பொறுமைக்கும் கைச்சுத்தத்துக்கும் குறைவில்லாத மதிப்பு உண்டு. ஆனால் கதைக்க ஆளில்லாமல் உங்களுக்கு அங்கே வாய் நமநமக்கும்.

அப்பாவின் கவலையும் சின்னதல்ல. பிரித்தானியாவில் மனநலத் தாதியம் பொதுத் தாதியத்திலிருந்து தனியாகப் பதியப்படும் துறை என்று அவரிடம் சொல்லுங்கள். எந்தத் துறையில் போனாலும் ஆங்கிலப் பரீட்சை உண்டு. அதற்கு இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.

நியமனம் வந்ததும் நீங்கள் கேட்ட வார்ட் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மேட்ரன் போடும் இடத்தில் வேலை செய்து, அங்கே இரவுக் கடமை முடிந்து வெளியே வரும்போது உடம்பு மட்டும் களைத்திருக்கிறதா, மனமும் சேர்ந்து களைத்திருக்கிறதா என்று கவனித்து வாருங்கள். ஒரு வருடம் போனதும் இடமாற்றம் கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது காரணத்தையும் எழுதுங்கள்.